ஏசடியான் விழுந்து முடிக்க ஆன காலம்

துளசிங்கத்தின் இடது கை ஏசடியானின் தாடையில் பட்ட சனிக்கிழமை சாயங்காலம், மாரிகொண்டா தங்கச் சுரங்கத்தில் நாலாயிரம் அடிக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்த இரண்டாம் ஷிப்டு ஆட்கள் எங்கோ பாறை வெடித்துவிட்டது என்று நினைத்து, கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, மேலே ஏற்றுகிற கூண்டை நோக்கி ஓடினார்கள். மேலே பாக்ஸிங் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஆயிரத்து இருநூறு பேரும் மூச்சை உள்ளே இழுத்தோம். ஏசடியான் மல்லாந்து விழத் தொடங்கினான். நாங்கள் இழுத்த மூச்சை விட்ட பிறகும் அவன் விழுந்துகொண்டிருந்தான்.

எதிலும் சாய்க்காமல் சாய்ந்து நிற்கிற ஏணி மாதிரி அவன் குதிகால் இரண்டும் தரையில் இருக்க, உடம்பு பின்பக்கமாகச் சரிந்து, கண் பாதி மூடி, தலைமயிரிலிருந்து சிதறின வியர்வைத் துளிகள் அவனுக்குப் பின்னால் நூல் இல்லாத பாசிமணியாக அந்தரத்தில் நிற்க, அப்படியே இருந்தான். ரெஃப்ரி ராயப்பன் பத்து எண்ணுவதற்காக நீட்டிய விரலை நீட்டியபடியே நின்றார். துளசிங்கம் விதிப்படி மூலைக்குப் போய்க் கயிற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எப்போது எண்ணுவார்கள் என்று காத்திருந்தான்.

"எண்ணுங்க ரெஃப்ரி!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"காலைத் தவிர வேற ஏதாவது தரையில பட்டாத்தான் ஒண்ணு" என்றார் ராயப்பன். "இன்னும் படல."

ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூட்டம் கலைந்தது. கலைந்து போனவர்கள் வீட்டில் சோறு தின்றுவிட்டு, பெட்டியில் கிடந்த போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஏசடியான் விழுந்துகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை மானேஜர் ஒரு இன்ஜினியரை அனுப்பினார். பாறை எத்தனை நூல் நகர்ந்திருக்கிறது என்று பார்க்கிற கருவியை அவர் ஏசடியானின் பின்மண்டைக்கு நேரே நிறுத்தி, மூன்று நாள் காலையும் மாலையும் குறித்துக்கொண்டார். நான்காம் நாள், நடுவரிசையில் உட்கார்ந்திருந்த ஏசடியானின் மனைவி கிருபாவதியிடம் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"அவர் உயிரோடதான் இருக்கார்மா. விழுந்துக்கிட்டுதான் இருக்கார். வருஷத்துக்கு ரெண்டு அங்குலம். தலைக்கும் தரைக்கும் நடுவுல அஞ்சடி ரெண்டு அங்குலம் இருந்திருக்கு."

கிருபாவதிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வயிற்றில் நாலு மாதம். அவள் விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். முப்பத்தொன்று என்றுதான் இரண்டு தடவையும் வந்தது. "ஒரு மெத்தை வேணும்" என்றாள்.

மெத்தையால் பெரிய வழக்கு வந்தது. சண்டை நடந்துகொண்டிருக்கிறது, நடக்கிற சண்டையில் ரிங்குக்குள் மெத்தை போட விதி இல்லை என்றார் ராயப்பன். "உங்க விதியை நீங்களே வயித்துல கட்டிக்கிட்டுப் படுங்க, என் புருசன் மண்டை உடையணுமா?" என்றாள் கிருபாவதி. தொழிற்சங்கத்தில் இரண்டு நாள் பேசினார்கள். கடைசியில், அவன் திடீரென்று வேகமாக விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தினால் மெத்தை இருக்கட்டும், தரைக்கு நாலு விரல் மிச்சமிருக்கும்போது எடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. பெண்கள் சேர்ந்து பஞ்சு அடைத்து ஒரு மெத்தை தைத்துப் போட்டார்கள்.

எங்கள் ஊருக்கு வந்த அடுத்த சிக்கல், பலகை.

கொட்டகையின் கிழக்குச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை உண்டு. வெள்ளைக்கார சூபர்வைசர்கள் பந்தயம் கட்டுவதற்காக, யார் குத்து பலமானது என்று பத்துப் பேர் பெயரை அதில் எழுதிவைத்தார்கள். அவர்கள் போன பிறகும் பலகை நின்றது, ஆனால் விதி மாறியது. குத்தினவன் தன் குத்தைப் பற்றிச் சொல்லக்கூடாது, அவனுக்குத் தெரியாது. பார்த்தவனும் சொல்லக்கூடாது, அவன் பார்த்தது சத்தத்தைத்தான். வாங்கினவன் மட்டும்தான் சொல்லலாம். வருஷா வருஷம் ஜனவரியில் கமிட்டி ஐந்து பேரும் பலகைக்குக் கீழே பெஞ்சு போட்டு உட்கார, முந்தின வருஷம் குத்து வாங்கினவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்று, தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்வார்கள். சத்தம் போட்டுப் பேசியே பழகின சுரங்க ஜனங்களான நாங்கள், அந்த ஒரு நாள் மட்டும் குழந்தையைக்கூட அழவிடமாட்டோம்.

பட்டறை அம்புரோஸிடம் வாங்கின தபால்காரர், குத்து பட்ட கணத்தில் தன் முதுகைத் தானே பார்த்ததாகச் சொன்னார். சட்டையில் ஒரு கிழிசல் இருந்தது, வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், இருந்தது என்றார். அம்புரோஸுக்கு ஐந்தாம் இடம். லோகிதாசனிடம் வாங்கினவன், "ஒண்ணுமே இல்ல சார், யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, திரும்பிப் பார்த்தேன், ஆஸ்பத்திரி" என்றான். லோகிதாசனுக்கு மூன்று. அதற்கு மேலே கன்னியப்பன் பல வருஷம் முதலிடத்தில் இருந்தான், ஏனென்றால் அவனிடம் வாங்கிய மூன்று பேர், ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்ளாத மூன்று பேர், ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: வலி இல்லை, மழை வாசனை வந்தது.

இந்தச் சாட்சிகளிலேயே பெரிய சாட்சி ஏசடியான்தான். பலகையில் இருந்த பத்துப் பேரில் ஆறு பேரிடம் வாங்கியிருந்தான், ஒரு தடவைகூட விழுந்ததில்லை. ஊறுகாய் ருசி பார்க்கிறவன் போலக் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சொல்வான், யாரையும் குறைத்துப் பேசமாட்டான். கன்னியப்பனைப் பற்றிக் கேட்டபோது, "நல்ல குத்து. ஏழு நாள் மழை வாசனை போகல. ஆனா நான் எதுக்காக இந்த ரிங்குக்குள்ள வந்தேனோ, அந்தக் குத்து இது இல்ல" என்றான்.

அப்படிப்பட்டவன் விழுகிறான். விழுந்துகொண்டே இருக்கிறான். அடுத்து வந்த ஜனவரியில் கமிட்டிக் கணக்கர் வரதராஜுலு, ஸ்டூல் மேல் ஏறிப் பத்துப் பேரையும் ஒரு படி கீழே இறக்கி எழுதினார். முதலிடத்தில் எண்ணை மட்டும் போட்டுவிட்டு, பெயர் எழுதாமல் இறங்கினார்.

"துளசிங்கம்னு எழுதுங்களேன், அதுல இன்னா சந்தேகம்?" என்றோம்.

"வாங்கினவன் சொல்லட்டும்."

"அவன் முப்பது வருஷம் கழிச்சுத்தானே சொல்லுவான்!"

"அதுவரைக்கும் இடம் இருக்கும்" என்றார் வரதராஜுலு. பத்தாம் இடத்திலிருந்து அழிக்கப்பட்ட சந்தனசாமி மட்டும், எவனோ விழாததற்கு நான் ஏன் போக வேண்டும் என்று கேட்டு, சாகும்வரை கொட்டகைப் பக்கம் வரவில்லை.

அதற்கு முன்பே, ஐப்பசியில், கிருபாவதிக்குப் பெண் பிறந்தது. எப்சிபா என்று பெயர் வைத்து, நாற்பதாம் நாள் கொண்டுவந்து அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். அதன் பிறகு அவள் தினமும் வந்தாள். மெல்லிய மல் துணியால் அவன் மேல் படிந்த சுரங்கத் தூசியைத் துடைப்பாள்; அந்தரத்தில் நிற்கிற வியர்வைத் துளிகளில் கை படாமல் சுற்றிப் போவாள். அவன் வேலை செய்த இடத்தில், தாது சலிக்கிற கூடத்தில், கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்தது. காலை ஷிப்டு முடிந்து, கொட்டகைக்கு வந்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு, பிறகு ரேஷன் கடைக்குப் போவாள்.

கொஞ்ச காலத்தில் ஜனங்கள் வேறு மாதிரி வரத் தொடங்கினார்கள். ஆந்திரா எல்லையிலிருந்து ஒரு மாட்டுவண்டிக் கூட்டம் கற்பூரத்தோடு வந்தது. பிள்ளை இல்லாதவர்கள் தொட்டில் கட்ட வந்தார்கள். பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிங்குக்குள் நின்று பிரசங்கம் செய்ய அனுமதி கேட்டார். கிருபாவதி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கையில இருக்கிறதை எல்லாம் வெளிய வைங்க. இங்க சாமி இல்ல. விழுந்துக்கிட்டு இருக்கிற ஒரு மனுசன் இருக்காரு. பார்க்கணும்னா பார்த்துட்டுப் போங்க."

பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்தவர்கள் வெளியே வரும்போது குரல் தாழ்ந்திருந்தது. சுரங்கத்தில் முதல் நாள் இறங்கப்போகிறவர்கள் கூண்டில் ஏறுவதற்கு முன் கொட்டகைக்குள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவது வழக்கமானது, ஏனென்று யாரும் கேட்கவில்லை. ஆழத்துக்குப் போகிறவனுக்கு, மெதுவாக விழுகிற ஒருவனைப் பார்த்துவிட்டுப் போவது நல்லதாகத் தோன்றியிருக்கும். ரிங்கை அவனுக்கு விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொரு ரிங் கட்டி அதில் பந்தயம் நடத்தினோம். குத்து வாங்கி விழுந்தவன் எழுந்ததும் முதலில் அந்தப் பக்கம்தான் பார்ப்பான். நாம் விழுந்ததும் ஒரு விழுகையா என்று அவனுக்கே வெட்கமாக இருக்கும்.

பதினோராம் வருஷம் பம்பாயிலிருந்து ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்காரர் வந்தார். உலகத்தில் இதுவரை குத்தினவர்களிலேயே பலமான குத்துக்காரர்கள் நூறு பேர் என்று ஒரு பட்டியல் தயார் செய்து, பெட்டி நிறையக் காகிதத்தோடு திரிகிறவர். பெயர், எடை, கையின் நீளம், எத்தனை பேரை எத்தனாவது ரவுண்டில் சாய்த்தான் என்று எல்லாம் அவரிடம் இருந்தது. இரண்டு நாள் சும்மா இருந்து ஏசடியானைப் பார்த்தார். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்து நூறு பேரையும் தரையில் பரப்பி, முதல் காகிதத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"துளசிங்கத்தைப் பார்க்கணுமே" என்றார் கடைசியில்.

"மூலையில நிக்கிறான் பாருங்க" என்றோம்.

அவன் அங்கேதான் நின்றான். எண்ணி முடியும்வரை குத்தினவன் மூலையை விட்டு வரக்கூடாது என்பது விதி. சுரங்கத்தில் துளை போடுகிற வேலை அவனுக்கு. ஷிப்டு முடித்து, குளித்து, தலை சீவி, தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து அந்த மூலையில் கயிற்றில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டுப் போவான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவன் யாரையும் குத்தவில்லை. இடது கையைக் கால்சட்டைப் பையிலேயே வைத்திருப்பான், கல்யாணப் போட்டோவில்கூட அது பைக்குள்தான் இருக்கிறது. பதினோரு வருஷமாக அவனும் கிருபாவதியும் ஒரே கொட்டகைக்குள் தினம் நின்றிருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசினதில்லை.

பத்திரிகைக்காரர் நோட்டைத் திறந்தார். "உங்கள் பெயரை உலகப் பட்டியலில் முதலில் போடப்போகிறேன். அந்தக் குத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்."

"நான் சொல்லக்கூடாது சார். இங்க அப்படி ஒரு வழக்கம்."

"இது என் பட்டியல், உங்கள் பலகை இல்லை."

"அப்படீன்னா எனக்கு வேணாம் சார். அந்த இடம் எனக்கு வேணாம்."

பத்திரிகைக்காரர் இரவு ரயிலுக்குப் போனார். பட்டியலை அவர் வெளியிட்டாரா, யாரை முதலில் போட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் போன மறுநாள் சாயங்காலம் துளசிங்கம் மூலையில் நிற்கும்போது, கிருபாவதி துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டே, அவன் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"ஏன் வேணாம்னீங்க?"

"தங்கச்சி, ஒண்ணு சொன்னா அடிக்கமாட்டியே?"

"சொல்லுங்க."

"அந்தக் குத்து கையை விட்டுப் போச்சு பாரு, அப்போ எனக்கு அவன் தெரியல, ஜனம் தெரியல. இத்தினி வயசுக்கு அப்படி ஒரு சந்தோசம் நான் பட்டதே இல்ல. என் உடம்புல இருந்த அத்தினியும் ஒரே இடத்துல சேர்ந்து போன மாதிரி. அதுக்கப்புறம்தான் அவன் விழுறதைப் பார்த்தேன். குத்துனதுக்குக்கூட நான் மன்னிப்பு கேட்டுருவேன். சந்தோசப்பட்டேனே, அதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

கிருபாவதி துணியை உதறிக் கயிற்றில் காயப்போட்டாள். வெகுநேரம் அதன் நுனியை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

"அவரும் அதுமாதிரி ஒண்ணுக்குத்தான் அண்ணே காத்துக்கிட்டு இருந்தாரு" என்றாள். "ஆறு பேர்கிட்ட வாங்கிட்டு வந்து, ஒவ்வொரு தடவையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் படுப்பாரு. விழலையேன்னு ஒரு ஆம்பளை வருத்தப்பட்டுப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன்."

மறுநாளிலிருந்து அவள் இரண்டு தம்ளரில் டீ கொண்டுவந்தாள். ஒன்றை மூலையில் கயிற்றுக்குக் கீழே வைத்துவிட்டுப் போவாள்.

அப்படியே வருஷங்கள் போயின. ஏசடியான் பாதி சாய்ந்தான், பிறகு படுத்தவன் போல ஆனான். கன்னியப்பன் செத்தான், அன்றைக்கு வெயில்தான் அடித்தது. வரதராஜுலு செத்தார், அழகான கையெழுத்து என்பதால், பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆகியிருந்த எப்சிபாவைக் கமிட்டிக் கணக்கராகப் போட்டோம். குழந்தையாய் இருந்தபோது அவள் அவனுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்; பத்து வயதில் நிமிர்ந்து நின்று அவன் காதில் பேசினாள்; இருபத்தாறாம் பிறந்தநாளில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வயசு" என்றாள். அடுத்த வருஷத்திலிருந்து அவள் அவனைவிட மூத்தவள். அப்பா என்று கூப்பிடும்போது அவள் குரலில் தம்பியைக் கூப்பிடுகிற வாஞ்சை வந்துவிட்டது, அவளுக்கே அது தெரியாது.

இருபத்தெட்டாம் வருஷம் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் இருக்கிறது, ஆனால் எடுக்கிற செலவுக்குக் கட்டவில்லை என்றார்கள். தண்ணீர் இறைக்கிற பம்புகள் நின்றன. நாங்கள் இறங்கி ஏறின நாலாயிரம் அடியிலும் தண்ணீர் நிறைந்து வருகிற சத்தம், காதை மண்ணில் வைத்தால் கேட்டது. பெங்களூருக்கு, அரக்கோணத்துக்கு, திருப்பூருக்கு என்று வீடு வீடாகப் பூட்டிவிட்டுப் போனோம். போனவர்கள் போன் செய்யும்போது முதலில் கேட்டது, "இன்னும் எவ்வளவு?" என்பதைத்தான். ஊரில் மிச்சமிருந்த நாற்பது குடும்பமும் கொட்டகைக்கு ஓடு மாற்றுவதற்கும் கயிறு மாற்றுவதற்கும் முறை வைத்துக்கொண்டார்கள்.

நாலு விரல் மிச்சமிருந்தபோது ராயப்பன் வந்தார். எழுபதை நெருங்கியிருந்தார், நீட்டிய விரல் மட்டும் இன்னும் நேராக இருந்தது. மெத்தை விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கிருபாவதியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார். உள்ளே யாரும் இல்லை. கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். மெத்தை வெளியே வெயிலில் கிடந்தது. கிருபாவதி முழங்காலிட்டு, சோப்பு நுரையும் பிரஷ்ஷுமாக, அவன் விழப்போகிற கித்தானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் தோத்தா சுத்தமாத் தோக்கட்டும்" என்றாள். "எழுந்தா சுத்தமா எழுந்திருக்கட்டும்."

இன்ஜினியர் சொன்ன கணக்கில் பதினேழு நாள் மட்டும் பிசகியது. கடைசி நூலளவு இருக்கும்போது செய்தி போய், நாங்கள் எல்லோரும் வந்துவிட்டோம். வந்த ரயிலில் டிக்கெட் பரிசோதகரே எங்களோடு இறங்கி நடந்து வந்தார். கைக்குழந்தையாக இருந்தவர்கள் வழுக்கைத் தலையோடு வந்தார்கள். பழைய ஆயிரத்து இருநூறு பேரில் உயிரோடு இருந்த அறுநூற்றுச் சொச்சம் பேர் அவரவர் அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தோம், செத்தவர்கள் இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தோம். துளசிங்கம் ஐம்பத்தெட்டு வயதில், வயிறு தெரிய, கிளவுஸ் போட்டுக்கொண்டு மூலைக்குப் போனான். பையிலிருந்து வெளியே வந்த அந்த இடது கையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அது வலது கையைவிட வெளுத்திருந்தது.

காலை பத்தேகாலுக்கு ஏசடியானின் முதுகு தரையைத் தொட்டது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது! பெரிய சத்தம் இல்லை. ஈரத் துணி மூட்டையைக் கல்லில் வைக்கிற சத்தம்தான். முப்பத்தோரு வருஷமாக அந்தரத்தில் நின்ற வியர்வைத் துளிகள் படபடவென்று கித்தானில் விழுந்தன, விழுந்த இடமெல்லாம் கறுத்தது. அதைப் பார்த்துத்தான் முதல் வரிசையில் இருந்த பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

"ஒண்ணு" என்றார் ராயப்பன்.

இரண்டு. மூன்று. நாங்கள் யாரும் கூடச் சேர்ந்து எண்ணவில்லை, எண்ணத் தைரியம் இல்லை. நான்கு என்றபோது அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. ஐந்து. கண் திறந்தது, புதிதாக மாற்றின ஓட்டைப் பார்த்தது. ஆறு என்றபோது புரண்டான். ஏழு. எட்டுக்கு ஒரு முழங்கால் ஊன்றியது, கிருபாவதி எழுந்து நின்றாள், பக்கத்தில் இருந்தவளின் தோளை எலும்பு நோகப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது என்று ராயப்பன் சொன்ன வார்த்தை முடிவதற்குள் ஏசடியான் இரண்டு காலில் நின்றான், இருபத்தாறு வயதில், தாடையில் செக்கச்சிவந்த ஒரு தடத்தோடு.

நாங்கள் கத்தினோம் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ராயப்பன் அவன் கிளவுஸைத் தன் சட்டையில் துடைத்தார். "சரியா கீறியா? ஆடலாமா?"

"ஆடலாம் ரெஃப்ரி" என்றவன், மூலையிலிருந்து வருகிற ஆளைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினான். "இன்னாது, துளசிங்கத்தோட அப்பாவை எதுக்கு உள்ள விட்டீங்க?"

"நான்தான்டா" என்றான் துளசிங்கம்.

ஏசடியான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குத்துச்சண்டைக்காரன் எதைப் பார்ப்பானோ அதைப் பார்த்தான். குத்துவதற்கு முன்னால் கொஞ்சம் இறங்குகிற இடது தோளை, முன்னால் வைத்த காலின் விரல் உள்பக்கம் திரும்பியிருப்பதை. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தான். வரிசை வரிசையாக, நரைத்த தலைகளை, நடுநடுவே காலியாக விட்ட இடங்களை. கயிற்றைத் தேடிக் கையைப் பின்னால் நீட்டினான். துளசிங்கம் ஓடிப் பிடித்துக்கொண்டான்.

ராயப்பன் இருவர் கையையும் சேர்த்து உயரத் தூக்கினார். சமன் என்று யாரும் அறிவிக்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை.

எப்சிபா ரிங்குக்குள் ஏறினாள். கையில் சாக்பீஸ், அது பாதியாக உடைந்திருந்தது. அவளைக் கண்டதும் ஏசடியானின் முகம் தெளிந்தது.

"கிருபா, இன்னா இது, எல்லாரும் ஏன் இப்படி..."

"நான் எப்சிபா."

"எந்த எப்சிபா?"

"அம்மா வயித்துல இருந்தேனே."

அவன் அவள் வயிற்றைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், காதோரத்து நரையைப் பார்த்தான். அவள் முப்பது வருஷமாகப் பேச வைத்திருந்தது எதுவும் வரவில்லை. அவளுக்கு வந்தது கமிட்டிக் கேள்விதான், அதை டீச்சர் குரலில் கேட்டாள்.

"வாங்கினவங்க சொல்லணும். அந்தக் குத்து எப்படி இருந்துச்சு?"

ஓட்டின் மேல் புறா நடக்கிறது கேட்டது. எங்களுக்கு அப்போது துளசிங்கத்தைத்தான் பார்க்கத் தோன்றியது. தூக்குக் கயிற்றுக்குக் கீழே நிற்கிறவன் போல அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

ஏசடியான் அவனைப் பார்த்தான். வெளுத்த அந்தக் கையைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்:

"எந்தக் குத்து? கால் வழுக்கிடுச்சு."

முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும். ரிங்கில் விழுந்த எங்களில் ஒருவன் பாக்கியில்லாமல் எல்லோரும் எழுந்ததும் சொன்ன முதல் பொய் அதுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம். துளசிங்கம் சிரித்தான், சிரித்துக்கொண்டே கித்தானில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் இடது கையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினான். வழுக்கி விழுந்தது கணக்கில் சேருமா, முதலிடத்தில் என்ன எழுதுவது என்று கமிட்டி அங்கேயே ஆரம்பித்து, தகராறு முற்றி, ஜனவரிக்குத் தள்ளிவைத்தது.

கூட்டம் சாப்பாட்டுக்கு வெளியே போனபோதுதான் கிருபாவதி ரிங்குக்கு வந்தாள். அதுவரை அவள் இறங்கி வரவே இல்லை. ஐம்பத்துமூன்று வயது முகத்தை அவனுக்கு எப்படிக் காட்டுவது என்று கடைசி வருஷம் முழுக்க அவள் யோசித்திருக்கிறாள், அதைப் பிறகு எங்களிடம் அவளே சொன்னாள். வந்து, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "கையைக் குடுங்க" என்றாள்.

அவன் கொடுத்தான். முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிமிரவில்லை, கிளவுஸின் கயிற்று முடிச்சைப் பிரிக்கப் பார்த்தாள், அது வியர்வையில் ஊறி இறுகியிருந்தது.

"கிருபா."

"ம்."

"பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"வழுக்கல." அவன் குரல் இறங்கியது. "ரொம்ப நேரம் விழுந்தேன் கிருபா. நீ நம்பமாட்டே. அவ்வளவு நேரம்."

"எவ்வளவு நேரம்?"

அவன் யோசித்தான். "சர்ச்சுல ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் இருக்கும்."

கிருபாவதி குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். அது தளர்ந்தது. கிளவுஸை உருவி எடுத்தபோது உள்ளே கைத்துணி இன்னும் ஈரமாக இருந்தது, அதைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டே போய், கடைசிச் சுற்றும் விழுந்த பிறகு, ஆவி பறக்கிற மாதிரி சூடாக இருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, முதல் தடவையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.